பெயரும் பொருளும்: ஆயுத மோதல்களில் அனைத்துலகச் சட்டத்தின் சொற்கள்



மொழியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவருக்குப் போர்ச் சட்டத்தில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் வழக்கறிஞன் அல்லன். சட்டத்தின் நுணுக்கங்களைத் தீர்ப்பது என் நோக்கமும் அன்று. ஆயினும் சட்டம் சொற்களால் ஆனது. போர்க்களத்தில் ஒருவர் காக்கப்பட வேண்டியவரா, தாக்கப்படக்கூடியவரா என்பதை ஒரு பெயர்ச்சொல்லின் எல்லையே வகுக்கிறது. அச்சொல்லைத் தமிழில் எவ்வாறு வழங்குகிறோம் என்பது மொழி ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரிய வினா. நம் மாணவர்கள் நாள்தோறும் போர்ச் செய்திகளைத் தமிழில் படிக்கின்றனர், கேட்கின்றனர். அச்செய்திகளின் சொற்கள் சட்டத்தின் சொற்களோடு பொருந்துகின்றனவா, பொருந்தாவிடத்து என்ன நேர்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள்.

1. சட்டம் வந்த வழி

1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் வட இத்தாலியின் சோல்ஃபெரினோவில் பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. காயமுற்றோர் கவனிப்பாரின்றிக் களத்தில் கிடந்ததை சுவிட்சர்லாந்து வணிகர் ஹென்றி டுனாண்ட் கண்டார். 1862இல் அதனை நூலாக எழுதினார். அடுத்த ஆண்டே பின்னாளில் அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு எனப் பெயர் பெற்ற அமைப்புத் தோன்றியது. 1864இல் முதல் ஜெனிவா உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1868இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம், 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிக்கும் குண்டுகளை விலக்கியது. போரில் நியாயமான நோக்கம் எதிரியின் படைவலிமையைத் தளர்த்துவது ஒன்றே என்னும் கருத்து அப்பிரகடனத்தில் இடம்பெற்றது. 1899, 1907 ஆகிய ஆண்டுகளின் ஹேக் உடன்படிக்கைகள் போர்முறைகளை ஒழுங்குபடுத்தின. இரண்டாம் உலகப் போரின் அழிவுக்குப் பின், 1949 ஆகஸ்ட் 12ஆம் நாள் நான்கு ஜெனிவா உடன்படிக்கைகள் உருவாயின. இன்று 196 நாடுகள் அவற்றில் இணைந்துள்ளன. 1977இல் இரு கூடுதல் நெறிமுறைகள் சேர்ந்தன.

இங்கு ஒரு வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்துதல் வேண்டும். படைவலிமையைக் கையாள ஒரு நாட்டுக்கு உரிமை உண்டா என்பது ஒரு வினா. அதற்கு விடை ஐக்கிய நாட்டுச் சாசனத்தில் உள்ளது. மோதல் தொடங்கிய பின் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது மற்றொரு வினா. அதற்கு விடை ஜெனிவா, ஹேக் உடன்படிக்கைகளில் உள்ளது. பின்னதை மனிதாபிமானச் சட்டம் என்கிறோம். இச்சட்டம் தொடங்கியவருக்கும் தற்காத்தவருக்கும் ஒன்றே. தன் பக்கம் நியாயம் உண்டு என்று கூறுபவர் அக்காரணம் காட்டிக் காயமுற்ற எதிரியைக் கொல்ல இயலாது.

1977 நெறிமுறையில் எல்லா நாடுகளும் இணையவில்லை. அமெரிக்கா, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகியன அவற்றுள் அடங்கும். ஆயினும் நெறிமுறையின் அடிப்படை விதிகள் பல, வழக்காற்றுச் சட்டமாக எல்லாரையும் கட்டுப்படுத்துகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. செஞ்சிலுவைக் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு அத்தகைய விதிகளை 161 என வகுத்துத் தந்தது. எழுதிவைக்கப்படாத வழக்காறு மக்களைக் கட்டுப்படுத்தும் என்பது மொழி பயில்வோருக்குப் புதிய செய்தியன்று. இலக்கணமே வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டன்மீது எழுந்ததுதானே.

2. "போர்" என்னும் சொல்லைத் தவிர்த்தல்

பழைய சட்டம் "போர்" என்ற சொல்லின்மீது நின்றது. போர் அறிவிக்கப்பட்டால்தான் போர்ச் சட்டம் உயிர்பெறும். ஆகவே அச்சொல்லைத் தவிர்த்துவிட்டால் சட்டத்தையும் தவிர்த்துவிடலாம் என்று அரசுகள் கண்டுகொண்டன. 1931இல் மஞ்சூரியாவில் ஜப்பான் நடத்தியது "மஞ்சூரியச் சம்பவம்" எனப்பட்டது. 1937இல் தொடங்கிய பெரும்போரை ஜப்பான் "சீனச் சம்பவம்" என்றே வழங்கியது. 1941 டிசம்பர் வரை முறையான போர் அறிவிப்பு இல்லை.

நம் நிலப்பகுதியின் வரலாற்றிலும் இப்பெயரிடும் வழக்கத்தைக் காண்கிறோம். 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை மலாயாவில் நிகழ்ந்ததை நாம் "அவசரகாலம்" என்கிறோம். பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த ஒன்றை "அவசரம்" என்னும் சொல் குறித்தது. காட்டில் படைகள் மோதின. ஏறத்தாழ 500,000 பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஆயினும் அதன் பெயர் அரசு பெற்ற சிறப்பு அதிகாரத்தைக் குறிக்கும் பெயர். களத்தில் நிகழ்ந்ததைக் குறிக்கும் பெயர் அன்று. 1963 முதல் 1966 வரை இந்தோனீசியா மலேசியாவுக்கு எதிராக நடத்தியது "கொன்ஃபிரண்டாசி", அதாவது எதிர்நிலை. அங்கும் "போர்" என்ற சொல் இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரேனுக்குள் படைகளை அனுப்பிய ரஷ்யா, அதனைச் "சிறப்பு இராணுவ நடவடிக்கை" என்றது.

1949இல் உடன்படிக்கையை வரைந்தோர் இவ்வழியை அடைக்க முனைந்தனர். நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான இரண்டாம் உறுப்பு, அறிவிக்கப்பட்ட போருடன் நாடுகளுக்கு இடையே எழும் வேறு எந்த "ஆயுத மோதலையும்" சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஒரு தரப்பு போர்நிலை இல்லை என்று மறுத்தாலும் சட்டம் பொருந்தும். "ஆயுத மோதல்" என்னும் தொடர் அரசின் அறிவிப்பை நோக்குவதில்லை. களத்தில் உள்ள உண்மையை நோக்குகிறது. பெயர் வேறு, பெயர் குறிக்கும் பொருள் வேறு என்னும் மொழியியலின் அரிச்சுவடியைச் சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் இது.

ஆயுத மோதல் என்றால் என்ன என்பதற்கு உடன்படிக்கை இலக்கணம் கூறவில்லை. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான குற்றவியல் நீதிமன்றம் 1995 அக்டோபரில் தாடிச் வழக்கில் அதனை வகுத்தது. நாடுகளுக்கு இடையே ஆயுத வலிமை கையாளப்படும்போது மோதல் உண்டு. ஒரு நாட்டுக்குள் அரசுக்கும் ஒழுங்கமைந்த ஆயுதக் குழுவுக்கும் இடையிலோ, அத்தகைய குழுக்களுக்கு இடையிலோ வன்முறை நீடிக்கும்போதும் மோதல் உண்டு. ஒருநாள் கலவரமும் தனித்த வன்செயலும் இதில் அடங்கா. அவற்றுக்கு உள்நாட்டுச் சட்டமும் மனித உரிமைச் சட்டமும் உண்டு.

3. "அனைத்துலகம்" என்பதன் இரு பொருள்

நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் உறுப்பு, "அனைத்துலகத் தன்மையற்ற ஆயுத மோதல்" பற்றியது. சரணடைந்தோரையும் காயமுற்றோரையும் கொல்லுதல், வதைத்தல், பிணையாக வைத்தல், முறையான நீதிமன்றத் தீர்ப்பின்றித் தண்டித்தல் ஆகியவற்றை அது விலக்குகிறது.

2001க்குப் பின் அமெரிக்கா அல்-கயிதாவோடு நடத்திய மோதலில் இத்தொடரின் பொருள் வழக்கு மன்றத்திற்கு வந்தது. அல்-கயிதா ஒரு நாடன்று. ஆகவே இரண்டாம் உறுப்பு பொருந்தாது என்றது அரசு. அம்மோதல் பல நாடுகளில் பரவியது. ஆகவே அது அனைத்துலகத் தன்மை உடையது. மூன்றாம் உறுப்பும் பொருந்தாது என்றும் வாதிட்டது. இரு கதவுகளும் அடைபட்டால் பிடிபட்டவர் சட்டமற்ற வெளியில் நிற்க நேரும். 2006 ஜூன் 29ஆம் நாள் ஹம்தான் எதிர் ரம்ஸ்ஃபெல்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. இங்கு "அனைத்துலக" என்பதற்கு நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான என்பதே பொருள். மோதல் எத்தனை எல்லைகளைக் கடந்தது என்பது பொருளன்று என்று கூறியது. ஆகவே மூன்றாம் உறுப்பு பொருந்தும்.

இனித் தமிழைப் பாருங்கள். நம் நாடுகளில் "அனைத்துலக" என்கிறோம். தமிழ்நாட்டில் "பன்னாட்டு", "சர்வதேச" என்கின்றனர். இச்சொற்கள் அனைத்தும் பரப்பையே சுட்டுகின்றன: எல்லா உலகம், பல நாடு, எல்லாத் தேசம். மூலச்சொல்லில் உள்ள "இடையே" என்னும் பொருள் இவற்றுள் எதிலும் இல்லை. மூன்றாம் உறுப்பை நம் வழக்குச் சொல்லால் மொழிபெயர்த்தால், தமிழ் வாசகர் நீதிமன்றம் தள்ளிய பொருளையே இயல்பாகக் கொள்வார். ஆகவே பொதுவழக்கில் "அனைத்துலக" என்பது நிற்கட்டும். இவ்வுறுப்பை விளக்குமிடத்து "நாடுகளுக்கு இடையில் அல்லாத ஆயுத மோதல்" என்று எழுதுவதே தெளிவு.

4. குடிமக்களா, பொதுமக்களா?

படையினர் அல்லாதாரைத் தாக்கலாகாது என்பது இச்சட்டத்தின் உயிர்நாடி. ஒருவர் படையினரா அல்லரா என்ற ஐயம் எழுமாயின், அவரைப் படையினர் அல்லாதவராகவே கொள்ள வேண்டும் என்கிறது 1977 நெறிமுறையின் ஐம்பதாம் உறுப்பு. இம்மக்களைத் தமிழ்ச் செய்திகள் சில வேளைகளில் "குடிமக்கள்" என்கின்றன. சில வேளைகளில் "பொதுமக்கள்" என்கின்றன. குடிமகன் என்பது ஒரு நாட்டின் குடியுரிமை பெற்றவரைக் குறிக்கும். மோதல் நிகழும் ஊரில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளியும், அகதியும், நாடற்றவரும் குடிமக்கள் அல்லர். ஆயினும் சட்டம் அவர்களைக் காக்கிறது. மறுபுறம், சீருடை அணிந்த வீரரும் தம் நாட்டின் குடிமகனே. ஆகவே "பொதுமக்கள்" என்பதே பொருந்தும் சொல்.

குடியுரிமையும் உடையும் சட்டத்தில் எவ்வளவு முக்கியமானவை என்பதை நம் மண்ணின் இரு வழக்குகள் காட்டுகின்றன. 1964 செப்டம்பரில் இந்தோனீசிய வான்குடைப் படையினர் ஜொகூரின் லாபிஸ் பகுதியில் இறங்கினர். அவர்களோடு மலேசியாவைச் சேர்ந்த சீனர் சிலரும் வந்தனர். பிடிபட்ட அவர்கள் போர்க்கைதிகளா என்ற வினா லண்டனில் உள்ள பிரிவி மன்றம் வரை சென்றது. சிறைப்பிடித்த நாட்டின் குடிமக்களும் அந்நாட்டிற்கு விசுவாசக் கடப்பாடு உடையோரும் போர்க்கைதி என்னும் பாதுகாப்பைப் பெறார் என்று பெரும்பான்மை நீதிபதிகள் 1967இல் கூறினர்.

இரண்டாவது வழக்கு நீங்கள் அறிந்தது. 1965 மார்ச் 10ஆம் நாள் ஆர்ச்சர்ட் ரோட்டில் உள்ள மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்தது; மூவர் உயிரிழந்தனர்; முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். குண்டு வைத்த இருவரும் இந்தோனீசியப் படையினர். ஆயினும் சீருடையின்றிச் சாதாரண உடையில் வந்து, பொதுமக்கள் இருந்த அலுவலகக் கட்டடத்தைத் தகர்த்தனர். சீருடை களைந்து நாசவேலையில் ஈடுபடும் படைவீரர், பிடிபட்டால் போர்க்கைதி நிலையைக் கோர இயலாது என்று பிரிவி மன்றம் 1968இல் தீர்ப்பளித்தது.

இவ்வழக்குகளைச் சிங்கப்பூர், மலேசிய மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் படிப்பதோடு நின்றுவிடுகின்றனர். உலகெங்கும் மனிதாபிமானச் சட்டம் பயில்வோர் இவற்றை எடுத்துக்காட்டாகக் கற்கின்றனர் என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். படைவீரர் சீருடை அணிய வேண்டும் என்ற விதியின் நோக்கம் பொதுமக்களைக் காப்பதே. சாதாரண உடையில் வருபவர் எதிரியாக இருக்கக்கூடும் என்ற அச்சம் பரவினால், சாதாரண உடையில் உள்ள எல்லாரும் இலக்காவர்.

5. இரு மூலங்கள், ஒரு சட்டம்

1949 உடன்படிக்கைகளுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் சம மதிப்புடைய மூலங்கள். 1977 நெறிமுறைகளுக்கு அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் ஆகிய ஆறும் மூலங்கள். மூலங்கள் வேறுபட்டால் என் செய்வது? உடன்படிக்கைகள் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, நோக்கத்தைக் கருத்தில் கொண்டு எல்லா மூலங்களையும் இயன்றவரை இணக்கப்படுத்தும் பொருளைக் கொள்க என்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பொதுவான முதல் உறுப்பின் ஆங்கில மூலம், நாடுகள் உடன்படிக்கையை மதிக்க வேண்டும், மதிப்பை உறுதிசெய்யவும் வேண்டும் என்கிறது. பிரெஞ்சு மூலமோ மதிக்க வேண்டும், மதிக்கச் செய்யவும் வேண்டும் என்கிறது. தமிழ் மாணவருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். முன்னதைத் தன் படைகளை ஒழுங்காக வைத்திருத்தல் என்று குறுக்கிப் படிக்கலாம். பின்னது தெளிவான பிறவினை. செய்தல் அன்று, செய்வித்தல். அப்படியாயின் போரில் ஈடுபடாத நாடும், போரிடும் நாட்டைச் சட்டத்தை மதிக்கச் செய்யக் கடமைப்பட்டதா? ஆயுதம் விற்கும் நாட்டின் பொறுப்பு என்ன? அனைத்துலக நீதிமன்றம் 1986இல் நிகராகுவா வழக்கில் இக்கடமையைச் சுட்டியே, சட்ட மீறலை ஊக்குவிக்கலாகாது என்று அமெரிக்காவிடம் கூறியது. கடமை அதற்கு மேலும் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதில் நாடுகளிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் ஆயுத வணிகத்தின் நெறி அடங்கியிருக்கிறது.

மற்றோர் எடுத்துக்காட்டு. தேவையற்ற துன்பம் தரும் ஆயுதங்களை விலக்கிய ஹேக் விதியின் மூலம் பிரெஞ்சு மொழியில் மட்டுமே உள்ளது. 1899இன் ஆங்கில மொழிபெயர்ப்பு, அத்துன்பத்தை விளைக்கும் "இயல்புடைய" ஆயுதம் என்றது. 1907இன் மொழிபெயர்ப்போ துன்பம் விளைக்கக் "கருதப்பட்ட" ஆயுதம் என்னும் பொருள் தோன்ற அமைந்தது. பிரெஞ்சு மூலம் மாறவே இல்லை. முதற்சொல் ஆயுதத்தின் தன்மையை நோக்கும். இரண்டாவது செய்தவரின் எண்ணத்தை நோக்கும். எண்ணம் இல்லை என்று மறுப்பது எளிது. 1977 நெறிமுறை "இயல்புடைய" என்பதற்கே திரும்பியது. ஒரு மொழிபெயர்ப்பாளரின் சொல்லைத் திருத்த எழுபது ஆண்டுகள் ஆயின.

6. தமிழில் வழிமாறும் சொற்கள்

போர்ச் செய்திகளில் அடிக்கடி வரும் மூன்று சொற்களைக் கூறுகிறேன்.

முதலாவது "விகிதாசாரம்". இச்சொல்லைக் கேட்டதும் நாம் இரு தரப்பின் இறப்பு எண்ணிக்கையை ஒப்பிடத் தொடங்குகிறோம். சட்டம் ஒப்பிடுவது அதனை அன்று. ஒரு குறிப்பிட்ட தாக்குதலுக்கு முன், அதனால் பொதுமக்களுக்கு நேரக்கூடிய தீங்கையும், எதிர்பார்க்கப்படும் திட்டவட்டமான, நேரடியான இராணுவப் பயனையும் ஒப்பிட்டு, தீங்கு மிகையாகுமாயின் தாக்குதலைக் கைவிடுக என்பதே விதி. ஓர் எறிபடை இருக்கும் இடம் அறிந்தும், அருகில் மக்கள் நிறைந்த சந்தை இருப்பதால் தளபதி காத்திருக்க வேண்டி வரலாம். "மிகைத்தீங்கு விலக்கு" என்று வழங்கினால் பொருள் நேராகத் தோன்றும்.

இரண்டாவது "பக்கவிளைவு". மருந்துச் சீட்டிலிருந்து போர்ச் செய்திக்கு வந்த சொல் இது. மருந்தின் பக்கவிளைவை நோயாளி தம் நலத்தின்பொருட்டுப் பொறுத்துக்கொள்கிறார். குண்டுவீச்சில் இறந்த குழந்தைக்கு அத்தகைய நலம் ஏதுமில்லை. நெறிமுறையின் வாசகமோ ஒளிவுமறைவற்றது; பொதுமக்களின் உயிரிழப்பு, காயம், உடைமைச் சேதம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூறுகிறது.

மூன்றாவது "பாதுகாப்பு வலயம்". 2009இல் இலங்கையின் வன்னிப் போரின் இறுதிக் கட்டத்தில் அரசு அடுத்தடுத்து அறிவித்த பகுதிகளைத் தமிழ்ச் செய்திகள் இவ்வாறு வழங்கின. நான்காம் ஜெனிவா உடன்படிக்கை கூறும் நடுநிலை வலயம் இரு தரப்பும் எழுத்தால் உடன்பட்டு அமைப்பது. வன்னியில் அறிவிப்பு ஒரு தரப்பினது. அவ்வலயங்களுக்குள் எறிகணைகள் விழுந்தன என்றும், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்துக் கேடயமாக்கினர் என்றும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளதாக ஐக்கிய நாட்டுத் தலைமைச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கூறியது. சட்டத்தின்படி, வலயம் என்ற கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொதுமக்கள் எங்கும் பாதுகாப்புக்கு உரியவர். வலயத்திற்கு வெளியே நிற்பவர் அவ்வுரிமையை இழப்பதில்லை. ஒரு தரப்பு மக்களைக் கேடயமாக்கினாலும், மறுதரப்பின் கடமை நீங்குவதில்லை. "பாதுகாப்பு வலயம்" என்ற சொல்லை நம்பிச் சென்றோரும் உண்டு. அதனால்தான் இச்சொல்லாய்வை வெறும் நூற்பணியாக என்னால் கருத இயலவில்லை.

7. புதிய கருவிகளும் பழைய இலக்கணமும்

இக்கால மோதல்களில் கணினி வழித் தாக்கும் செயல்கள் பெருகியுள்ளன. நெறிமுறையின்படி "தாக்குதல்" என்பது எதிரிக்கு எதிரான வன்செயல். மருத்துவமனையின் மின்சாரத்தைக் கணினி வழி நிறுத்தி நோயாளிகள் இறந்தால், அது தாக்குதல் என்பதில் ஐயமில்லை. ஒரு நகரத்தின் பிறப்புப் பதிவுகள் முழுவதையும் அழித்தால்? கட்டடம் இடியவில்லை; எவரும் காயமுறவில்லை. சட்டம் காப்பது "பொதுமக்களுக்குரிய பொருள்களை". தரவு ஒரு பொருளா? வல்லுநர்கள் 2013இலும் 2017இலும் வெளியிட்ட தாலின் கையேட்டில், தொட்டறிய இயலாத தரவு பொருளாகாது என்பதே பெரும்பான்மைக் கருத்து. இதனை ஏற்காதோரும் பலர். ஆங்கில மூலத்தின் சொல் கண்ணால் காணும் பொருளை நினைவூட்டுகிறது. பிரெஞ்சு, ஸ்பானிய மூலங்களின் சொல் உடைமையை நினைவூட்டுகிறது. தமிழில் "பொருள்" என்பது காணும் பொருளையும், உடைமையையும், சொல்லின் அர்த்தத்தையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் இவ்வினாவைக் கேட்கும் மாணவர், தரவு பொருளாகாது என்ற விடையை எளிதில் ஏற்கமாட்டார். வழக்காடுவதற்கு அது போதிய ஆதாரமன்று; சிந்திப்பதற்கு நல்ல தொடக்கம்.

அடுத்து, மனிதர் விசையை அழுத்தாமலேயே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்கள். இவற்றைத் "தானியங்கி ஆயுதம்" என்கிறோம். நிலக்கண்ணிவெடியும் மிதித்தால் தானே வெடிக்கும், அதுவும் தானியங்கியே. இலக்கைத் தேர்வதையும் கருவியிடம் ஒப்படைப்பது அதனினும் வேறு. ஆகவே "தன்னிச்சை ஆயுதம்" என்று பிரித்து வழங்குவது நலம் எனச் சிலர் கருதுவர். எனக்கோ "இச்சை" என்னும் சொல்லில் தயக்கம் உண்டு. கருவிக்கு இச்சை இல்லை. இச்சையைக் கருவிக்கு ஏற்றிச் சொன்னால், மனிதர் பொறுப்பிலிருந்து நழுவிவிடுவர். "தானே இலக்குத் தேரும் ஆயுதம்" என்று நீட்டிச் சொன்னாலும் குற்றமில்லை.

நம் இலக்கணம் இங்குத் துணை நிற்கிறது. மூன்றாம் வேற்றுமையில் கருவியையும் கருத்தாவையும் வேறாக வைத்தனர் நம் முன்னோர். கருத்தாவிலும் இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என இருவகை கண்டனர். சிற்பி கோயிலைக் கட்டினார் என்றாலும், அரசர் கோயிலைக் கட்டினார் என்றாலும் தமிழில் சரியே. போர்க்குற்றச் சட்டமும் குற்றம் இயற்றியவரையும் ஏவியவரையும் பொறுப்பாக்குகிறது. அதற்கு மேலும் ஒருபடி சென்றது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் புக்கிட் தீமாவில் சிங்கப்பூரின் சரணடைவை ஏற்ற ஜப்பானியத் தளபதி யமாஷிதா, பிலிப்பீன்ஸில் தம் படைகள் செய்த கொடுமைகளுக்காக மணிலாவில் விசாரிக்கப்பட்டு, 1946 பிப்ரவரி 23ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அவர் ஏவினார் என்பது குற்றச்சாட்டு அன்று. தம் படைகளைக் கட்டுப்படுத்தும் கடமையில் தவறினார் என்பதே. அவ்விசாரணை நியாயமாக நடந்ததா என்பது குறித்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளே மாறுபட்டனர். ஆயினும் தடுக்க வேண்டியவர் தடுக்காமையும் குற்றம் என்ற கோட்பாடு நிலைத்தது. 1977 நெறிமுறையிலும், அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த 1998ஆம் ஆண்டு ரோம் சட்டத்திலும் அது இடம்பெற்றது. இயற்றியவர், ஏவியவர், தடுக்காதவர் என மூவரையும் சட்டம் தேடுகிறது. கருவி எத்துணை நுட்பமாயினும் அது கருத்தா ஆகாது. கருவியை வடிவமைத்தவர், களத்தில் இறக்கியவர், அதன் போக்கை அறிந்தும் நிறுத்தாதவர் ஆகியோர் எழுவாயாக நின்றே தீரவேண்டும்.

8. வகுப்பறையில் செய்யத்தக்கவை

ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, போர்ச் செய்தி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து, அதிலுள்ள வினைச்சொற்களை மாணவரைக் கொண்டு வகைப்படுத்துங்கள். "கொன்றனர்", "கொல்லப்பட்டனர்", "இறந்தனர்", "பலியாயினர்" ஆகிய நான்கும் ஒரே நிகழ்ச்சியைக் குறிக்கக்கூடும். முதல் வாக்கியத்தில் செய்தவர் உளர். இரண்டாவதில் செய்தவர் மறைந்துள்ளார். ஆயினும் ஒருவர் செய்தார் என்பது தெரிகிறது. மூன்றாவதில் அதுவும் இல்லை. நான்காவது, கொலையைப் பலிச்சடங்கின் மொழியில் சொல்கிறது. ஒரு தரப்புக்கு முதல் வினையையும் மறுதரப்புக்கு மூன்றாம் வினையையும் ஒரே செய்தி பயன்படுத்துகிறதா என்று மாணவர் காணட்டும். செயப்பாட்டுவினை கற்பிக்க இதனினும் பயனுள்ள பாடம் அரிது.

இரண்டு, சட்டச் சொற்களைத் தமிழாக்கும்போது ஒரு மூலத்தை மட்டும் நம்பாதீர்கள். இந்நாட்டு மாணவர் பலருக்கு மலாயோ சீனமோ தெரியும். சீனம் 1977 நெறிமுறைகளின் மூலமொழிகளுள் ஒன்று. தமிழ் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர், சீனம் அறிந்த தம் நண்பரிடம் ஒரு சொல்லின் பொருளைக் கேட்டுவந்து சொல்லட்டும். பன்மொழிச் சூழலின் பயன் அதுவே.

மூன்று, மொழி மன்றமும் ஆசிரியர் சங்கங்களும் இணைந்து, நூறு சொற்களுக்கு மிகாத ஒரு சிறு சொற்பட்டியலை உருவாக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் உடன்படிக்கையின் உறுப்பு எண், எளிய விளக்கம், தவிர்க்க வேண்டிய வழக்கு ஆகியவற்றைத் தருதல் வேண்டும். செய்தியாளர்களும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களும் அதனைப் பயன்கொள்வர். இன்று நான் கூறிய சொல்லாக்கங்கள் முடிந்த முடிபுகள் அல்ல. இளைஞர்கள் இவற்றினும் சிறந்தவற்றைக் காணக்கூடும்.

மலேசியாவில் 1962ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கைகள் சட்டமும், சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் சட்டமும் நடைமுறையில் உள்ளன. ஆகவே இவை வெளியுலகத்துச் சட்டங்கள் அல்ல. நம் நாடுகளின் சட்டங்களே. உடன்படிக்கைகளின் வாசகத்தைப் பொதுமக்களும் அறியுமாறு பரப்புவது, இணைந்த நாடுகள் ஏற்றுக்கொண்ட கடமைகளுள் ஒன்று. தமிழ் பேசுவோர்க்கு அதனைத் தமிழில் பரப்பும் பணி, இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் நம்மைச் சார்ந்தது.